பழைய யுனிக்ஸ் பணிநிலையங்களில் தொடர் துறை, மோடம் இணைப்புப் பழுதறிதல்

தொடர் துறை என்பது தரவுகளை ஒரே கம்பியில் ஒரு பிட்டின் பின் ஒரு பிட்டாக அனுப்பவும் பெறவும் உதவும் கணினி இணைப்பு வாயில் ஆகும். இது சீரியல் போர்ட் என்று பரவலாக அறியப்படுகிறது. 1980களிலும் 1990களிலும் பயன்பட்ட யுனிக்ஸ் பணிநிலையங்களில் முனையம், மோடம், அச்சுப்பொறி, ஆய்வுக்கருவி ஆகியவை இத்துறையின் வழியாகவே இணைக்கப்பட்டன. இவ்விணைப்பு செயற்படாதபோது, பிழை வடத்தில் உள்ளதா, மின்னழுத்தத்தில் உள்ளதா, இயங்குதளத்தின் அமைப்பில் உள்ளதா, மோடத்தின் அமைப்பில் உள்ளதா என்று ஒழுங்காகப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க் பணிநிலையங்களையும், அவற்றில் இயங்கிய சன்ஓஎஸ் 4, சோலாரிசு ஆகிய இயங்குதளங்களையும் சார்ந்தவை.

பின்னணி

யுனிக்ஸ் உருவான காலத்தில் பயனர்கள் கணினியோடு உரையாடியது டெலிடைப் 33 போன்ற தட்டச்சு வடிவ முனையங்களின் வழியாகும். யுனிக்சில் முனையங்களைக் குறிக்கும் 'டிடிஒய்' என்னும் பெயர் டெலிடைப் என்பதன் சுருக்கமே. திரையும் விசைப்பலகையும் கணினியோடு சேர்ந்தே வந்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை.

தொடர் இணைப்புக்கான ஆர்எஸ்-232 சீர்தரம் 1960இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழிலகங்கள் சங்கத்தால் வெளியிடப்பட்டது. பெரிதும் பயன்பட்ட அதன் 'சி' திருத்தம் 1969இல் வந்தது. 1962இல் ஏடி அன்ட் டி நிறுவனம் நொடிக்கு 300 பிட்டு வேகமுடைய பெல் 103 மோடத்தை அறிமுகப்படுத்தியது. 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம், கணினியிலிருந்து எழுத்துக் கட்டளைகளை அனுப்பியே எண்ணைச் சுழற்றவும் அழைப்பைத் துண்டிக்கவும் வழி செய்தது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏடி' என்னும் இரு எழுத்துகளில் தொடங்கியதால் இவை ஏடி கட்டளைகள் எனப்பட்டன. பின்னர் வந்த மோடங்களில் மிகப் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றின.

மோடமும் யுனிக்சும் இணைந்ததன் பெரும்பயன் யூயூசிபி ஆகும். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய இம்மென்பொருள் 1979இல் யுனிக்சின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. இரண்டு யுனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்து அஞ்சல்களையும் கோப்புகளையும் மாற்றிக்கொள்ள இது உதவியது. இந்தியாவில் 1986இல் தொடங்கப்பட்ட எர்னெட் கல்வி ஆய்வு வலையமைப்பும் தொடக்கத்தில் தொலைபேசி வழி யூயூசிபி மின்னஞ்சலையே பயன்படுத்தியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. 1995 ஆகத்து 15இல் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியபோதும், மாணவர் கணக்குகள் மோடம் வழியாக யுனிக்ஸ் முனையத்தை மட்டுமே தந்தன.

அடிப்படைக் கருத்துகள்

மின்னழுத்த நிலைகள்

ஆர்எஸ்-232 சீர்தரத்தில் 1 என்னும் பிட்டு எதிர் மின்னழுத்தத்தாலும் 0 என்னும் பிட்டு நேர் மின்னழுத்தத்தாலும் குறிக்கப்படுகின்றன. அனுப்பும் முனையில் இது 5 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம். பெறும் முனை 3 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதையும் ஏற்கவேண்டும். தரவு எதுவும் செல்லாதபோது தரவுக் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். கட்டுப்பாட்டுக் கம்பிகளிலோ நேர் மின்னழுத்தம் இருந்தால் 'ஆம்' என்றும் எதிர் மின்னழுத்தம் இருந்தால் 'இல்லை' என்றும் பொருள். சன் பணிநிலையங்கள் பல, ஏறத்தாழ 5 வோல்ட் அளவில் இயங்கும் ஆர்எஸ்-423 சீர்தரத்தையும் ஏற்றன.

இருவகைக் கருவிகள்

இச்சீர்தரம் கருவிகளைத் தரவு முனையக் கருவி, தரவுத் தொடர்புக் கருவி என இரண்டாகப் பிரிக்கிறது. கணினியும் முனையமும் முதல் வகை. மோடம் இரண்டாம் வகை. சமிக்ஞைகளின் பெயர்கள் எப்போதும் முனையக் கருவியின் நோக்கிலேயே அமைந்தவை. 'அனுப்பு தரவு' என்னும் கம்பியில் கணினி அனுப்பும், மோடம் பெறும். இதனால் கணினியையும் மோடத்தையும் நேர்வடத்தால் இணைக்கலாம். இரு கணினிகளை அவ்வாறு இணைத்தால் இரண்டும் ஒரே கம்பியில் பேசும், எதிலும் கேட்காது.

முதன்மையான சமிக்ஞைகள்

கீழே ஒவ்வொரு சமிக்ஞைக்கும் 25 ஊசி இணைப்பானில் உள்ள எண்ணும், 1984இல் ஐபிஎம் பிசி ஏடி கணினியோடு பரவிய 9 ஊசி இணைப்பானில் உள்ள எண்ணும் முறையே தரப்பட்டுள்ளன.

* அனுப்பு தரவு, டிடி – 2, 3 – கணினியிலிருந்து
* பெறு தரவு, ஆர்டி – 3, 2 – கணினிக்கு
* அனுப்ப வேண்டுகோள், ஆர்டிஎஸ் – 4, 7 – கணினியிலிருந்து
* அனுப்ப இசைவு, சிடிஎஸ் – 5, 8 – கணினிக்கு
* மோடம் ஆயத்தம், டிஎஸ்ஆர் – 6, 6 – கணினிக்கு
* சமிக்ஞைத் தரை – 7, 5 – பொது
* ஊர்தி அலை உணர்வு, டிசிடி – 8, 1 – கணினிக்கு
* முனையம் ஆயத்தம், டிடிஆர் – 20, 4 – கணினியிலிருந்து
* மணி ஒலிப்பு, ஆர்ஐ – 22, 9 – கணினிக்கு

2, 3 ஆகிய எண்கள் இருவகை இணைப்பான்களிலும் இடம் மாறி நிற்பதைக் கவனிக்கவேண்டும். வடங்களைச் சொந்தமாகப் பற்றவைப்போர் செய்யும் பிழைகளுள் இதைக் குழப்பிக்கொள்வது முதன்மையானது.

பழுதறியும் ஒழுங்கு

தொடர் இணைப்பில் பல அடுக்குகள் உள்ளன. மேலடுக்கில் தோன்றும் அறிகுறிக்குக் கீழடுக்கில் காரணம் இருக்கக்கூடும். எனவே வடத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் நன்று.

1. வடம்

முதலில் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் எவ்வகையின என்று அறியவேண்டும். மல்டிமீட்டரால் இதை எளிதில் கண்டறியலாம். வடத்தைக் கழற்றிவிட்டுக் கருவியின் 25 ஊசி இணைப்பானில் 7ஆம் ஊசிக்கும் 2ஆம் ஊசிக்கும் இடையே அளக்கும்போது 5 முதல் 12 வோல்ட் அளவில் எதிர் மின்னழுத்தம் காணப்பட்டால் அது முனையக் கருவி. அம்மின்னழுத்தம் 3ஆம் ஊசியில் காணப்பட்டால் அது தொடர்புக் கருவி. இரண்டு கருவிகளும் ஒரே வகையாயின் குறுக்குவடம் தேவை. குறுக்குவடத்தில் 2உம் 3உம், 4உம் 5உம் ஒன்றுக்கொன்று மாற்றி இணைக்கப்படும். ஒரு முனையின் 20ஆம் ஊசி மறுமுனையின் 6, 8 ஆகிய இரண்டுக்கும் செல்லும். 7ஆம் ஊசி நேராகச் செல்லும்.

2, 3, 7 ஆகிய மூன்று கம்பிகள் மட்டும் கொண்ட வடம் முனையத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், மோடத்துக்குப் போதாது. அத்தகைய வடத்தில் அழைப்பு துண்டிக்கப்பட்டதைக் கணினி அறிய வழியில்லை. அழைப்பைத் துண்டிக்குமாறு மோடத்திடம் சொல்லவும் வழியில்லை.

இணைப்பானின் வடிவத்தை மட்டும் நம்பக்கூடாது. ஸ்பார்க்ஸ்டேசன் 1, சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் இண்டிகோ, ஆப்பிள் மாக்கின்டோஷ் ஆகியவை 8 ஊசி கொண்ட சிறு வட்ட இணைப்பானைப் பயன்படுத்தின. வடிவம் ஒன்றாயினும் ஊசிகளின் பணி எல்லாவற்றிலும் ஒன்றன்று. ஸ்பார்க்ஸ்டேசன் 10, 20 ஆகியவற்றில் ஏ, பி என்னும் இரு துறைகளும் ஒரே 25 ஊசி இணைப்பானில் அடங்கியுள்ளன. பி துறையைப் பயன்படுத்தக் கிளைவடம் தேவை. அதில்லாமல் மோடத்தை இணைத்துவிட்டுப் பி துறையில் விடைக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

2. திருப்புச் சோதனை

வடம் சரியென்று தோன்றிய பின் கணினியின் துறை செயற்படுகிறதா என்று பார்க்கவேண்டும். 25 ஊசி இணைப்பானில் 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் சிறு கம்பியால் இணைத்தால், கணினி அனுப்பும் எழுத்து அதற்கே திரும்பி வரும். 'டிப்' அல்லது 'சியூ' என்னும் நிரலால் துறையைத் திறந்து தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் திரையில் தோன்றினால் துறையும் அதன் இயக்கி மென்பொருளும் நலமாக உள்ளன. கம்பியை எடுத்ததும் எழுத்துகள் தோன்றாமல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எழுத்துகளைக் காட்டுவது நிரலே என்று கொள்ளவேண்டும். இதே சோதனையை வடத்தின் மறுமுனையில் செய்தால் வடமும் சோதிக்கப்பட்டதாகும்.

சோலாரிசில் 'டிப் ஹார்டுவயர்' என்னும் கட்டளை இயல்பாக பி துறையையே திறக்கும். மோடம் ஏ துறையில் இருந்தால் 'ரிமோட்' என்னும் அமைப்புக் கோப்பில் உரிய வரியை மாற்றவேண்டும். டிப் நிரலிலிருந்து வெளியேற வரியின் தொடக்கத்தில் அலைக்குறியும் அதன் பின் புள்ளியும் இடவேண்டும்.

3. வேகமும் பாரிட்டியும்

எழுத்துகள் வருகின்றன, ஆனால் படிக்க முடியவில்லை என்றால் குழப்பத்தின் வடிவத்தை உற்று நோக்கவேண்டும். அதுவே காரணத்தைக் காட்டும்.

எல்லா எழுத்துகளும் குப்பையாக இருந்தால் இரு முனைகளின் வேகமும் வேறுபடுகிறது. ஏறத்தாழப் பாதி எழுத்துகள் சரியாகவும் மீதி தவறாகவும் இருந்தால் வேகம் சரி, பாரிட்டி வேறுபடுகிறது. பாரிட்டி என்பது எழுத்தின் 7 பிட்டுகளோடு பிழையறிவதற்காகச் சேர்க்கப்படும் எட்டாவது பிட்டு ஆகும். இரட்டைப் பாரிட்டியில் 1களின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையுமாறு அது இடப்படும். எடுத்துக்காட்டாக, ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' இருமத்தில் 1000001 ஆகும். இதில் இரண்டு 1கள் இருப்பதால் பாரிட்டி பிட்டு 0. எட்டு பிட்டுகளாகப் படிக்கும் முனைக்கும் அது 'ஏ' ஆகவே தெரியும். 'சி' என்பது 1000011. இதில் மூன்று 1கள் இருப்பதால் பாரிட்டி பிட்டு 1 ஆகி, பெறும் முனை அதை வேறொரு குறியாகக் காட்டும். பிஎஸ்டி வழிவந்த முறைமைகளில் புகுபதிகை வரியை அனுப்பும் 'கெட்டி' நிரல் இயல்பாக இரட்டைப் பாரிட்டியைப் பயன்படுத்தியதால் இக்குழப்பம் அடிக்கடி நேர்ந்தது.

எழுத்துகள் பொதுவாகச் சரியாக இருந்து இடையிடையே மட்டும் வேண்டாத குறிகள் சிதறி வந்தால் தொலைபேசி வழியில் இரைச்சல் உள்ளது எனலாம். 1986இல் லாரன்சு பெர்க்லி ஆய்வகக் கணினிகளில் புகுந்த ஊடுருவியைக் கண்காணித்த கிளிஃபர்ட் ஸ்டோல், மோடம் வழிகளில் அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இணைத்து ஊடுருவி தட்டியதையெல்லாம் பதிவு செய்தார். முக்கியமான கோப்பொன்றை அவ்வூடுருவி படிக்க முற்பட்டபோது, சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளில் உரசி இரைச்சலை உண்டாக்கி அதைத் தடுத்தார். ஊடுருவி அதை வழக்கமான தொலைபேசி இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டார்.

4. பாய்வுக் கட்டுப்பாடு

இணைப்பு கிடைக்கிறது, சிறு செய்திகள் சரியாக வருகின்றன, ஆனால் பெரிய கோப்புகள் இடையில் சிதைகின்றன என்றால் பாய்வுக் கட்டுப்பாட்டை ஐயுறவேண்டும். பெறும் முனை 'சற்று நில்' என்று சொல்லும் முறையே பாய்வுக் கட்டுப்பாடு. இது இருவகைப்படும்.

* மென்பொருள் வழி: 19 என்னும் மதிப்புடைய எழுத்து நிறுத்தும், 17 என்னும் மதிப்புடைய எழுத்து தொடரச் செய்யும்.
* வன்பொருள் வழி: ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளின் மின்னழுத்தம் இப்பணியைச் செய்யும்.

இருமக் கோப்புகளில் 17, 19 ஆகிய மதிப்புகள் தரவாகவே வரக்கூடும். எனவே யூயூசிபியின் வழக்கமான 'ஜி' நெறிமுறைக்கு மென்பொருள் வழிக் கட்டுப்பாடு பொருந்தாது. தரவில் வந்த 19ஐ நிறுத்தக் கட்டளையாகக் கருதி இணைப்பு உறைந்துவிடும். வன்பொருள் வழியைக் கணினியிலும் மோடத்திலும் சேர்த்தே அமைக்கவேண்டும். ஒன்றில் மட்டும் அமைப்பது அமைக்காததற்கு ஒப்பாகும்.

கணினியின் வேகமும் இங்குக் கருதத்தக்கது. பழைய சன் பணிநிலையங்களின் தொடர் துறைகளை இயக்கியது சைலாக் 8530 என்னும் சில்லு. அதில் மூன்று எழுத்துகளுக்கே பெறு இடைநினைவகம் உண்டு. நொடிக்கு 38,400 பிட்டு வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட்டு என்று கொண்டால், 260 மைக்ரோநொடிக்கு ஓர் எழுத்து வந்துசேரும். அதாவது முக்கால் மில்லிநொடிக்கு மேல் செயலி வேறு குறுக்கீடுகளில் ஈடுபட்டிருந்தால் எழுத்துகள் இழக்கப்படும். அப்போது 'சைலோ ஓவர்ஃபுளோ' என்னும் செய்தி முறைமைப் பதிவில் தோன்றும். பாய்வுக் கட்டுப்பாட்டைச் சரிசெய்த பின்னும் இச்செய்தி வந்துகொண்டிருந்தால் துறையின் வேகத்தைக் குறைப்பதே தீர்வு. பிற்காலத் தனிமேசைக் கணினிகளின் 16550ஏ சில்லில் 16 எழுத்துகளுக்கு இடமிருந்தது.

5. சாதனக் கோப்புகள்

யுனிக்சில் ஒரே தொடர் துறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாதனக் கோப்புகள் இருப்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும். ஒன்று உள்வரும் அழைப்புக்கு, மற்றொன்று வெளிச்செல்லும் அழைப்புக்கு.

* சன்ஓஎஸ் 4: உள்வர டிடிஒய்டி0, வெளிச்செல்ல சியூஏ0
* சோலாரிசு: உள்வர 'டெர்ம்' அடைவில் ஏ, வெளிச்செல்ல 'சியூஏ' அடைவில் ஏ
* ஐரிக்சு: நேரிணைப்புக்கு டிடிஒய்டி1, மோடத்துக்கு டிடிஒய்எம்1, வன்பொருள் பாய்வுக் கட்டுப்பாட்டோடு டிடிஒய்எஃப்1

உள்வரும் கோப்பைத் திறக்க முயலும் நிரல், ஊர்தி அலை உணர்வுக் கம்பி 'ஆம்' என்று ஆகும்வரை உறங்கும். கெட்டி நிரல் அழைப்புக்காகக் காத்திருப்பது இவ்வாறுதான். ஆனால் வெளியே அழைக்க விரும்பும் நிரலுக்கு இது பொருந்தாது. மோடத்துக்குக் கட்டளை அனுப்பினால்தான் அழைப்பு நிகழும், அழைப்பு நிகழ்ந்தால்தான் ஊர்தி அலை வரும். இம்முட்டுச்சந்தைத் தவிர்க்கவே ஊர்தி அலைக்குக் காத்திராத இரண்டாவது கோப்பு ஏற்பட்டது. டிப் அல்லது சியூ நிரல் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டால், உள்வரும் கோப்பைத் தவறுதலாகத் திறந்திருக்கிறோமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

அமைப்புகளைக் காட்டும் 'எஸ்டிடிஒய்' கட்டளையும் இதே காரணத்தால் நின்றுவிடக்கூடும். இக்கட்டளையில் மேலும் இரு நுட்பங்கள் உள்ளன. பழைய பிஎஸ்டி வகையில் அது வெளியீட்டுத் திசையில் உள்ள சாதனத்தை மாற்றும், சிஸ்டம் V வகையில் உள்ளீட்டுத் திசையில் உள்ள சாதனத்தை மாற்றும். திசைக்குறியைத் தவறாக இட்டால், தொடர் துறைக்குப் பதிலாகப் பயனர் அமர்ந்திருக்கும் முனையத்தின் அமைப்பே மாறிவிடும். இரண்டாவதாக, பல முறைமைகளில் துறையைத் திறந்துவைத்த கடைசி நிரல் அதை மூடியதும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். 'இப்போதுதான் மாற்றினேன், மீண்டும் பழையபடி உள்ளது' என்னும் குறைக்கு இதுவே காரணம். துறையை நெடுநேரம் திறந்துவைத்திருக்கும் 'ஸ்லீப்' போன்ற ஒரு நிரலைப் பின்னணியில் இயக்கி, அதன் பின் அமைப்பை மாற்றுவது வழக்கம்.

6. பூட்டுக் கோப்புகள்

ஒரே மோடத்தை இரு நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதிருக்க, ஒவ்வொரு நிரலும் முதலில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும். அதனுள் அந்நிரலின் செயல் எண் எழுதப்பட்டிருக்கும். நிரல் திடீரென நின்றுபோனால் கோப்பு அப்படியே எஞ்சலாம். பிறகு வருவோருக்கு 'எல்லாத் துறைகளும் வேலையில் உள்ளன' என்னும் பொருள்படும் செய்தி கிடைக்கும். அப்போது கோப்பிலுள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணில் நிரல் எதுவும் இயங்கவில்லை என்று உறுதி செய்த பின்னரே கோப்பை நீக்கவேண்டும்.

எண்ணை எழுதும் முறை எல்லா நிரல்களிலும் ஒன்றன்று. ஹனிடான்பர் யூயூசிபி அதை எழுத்து வடிவில் எழுதியது, பழைய யூயூசிபி இரும வடிவில் எழுதியது. ஒன்றின் பூட்டை மற்றது புரிந்துகொள்ளாதபோது, பூட்டு இருந்தும் இல்லாத நிலை ஏற்படும். பூட்டுக் கோப்புகள் வைக்கப்படும் அடைவில் எழுதும் உரிமை நிரலுக்கு இல்லாதபோதும் இதே செய்தி தோன்றும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மோடத்தின் அமைப்பு

துறை சரியானதும், வெளிச்செல்லும் கோப்பைத் திறந்து 'ஏடி' என்று தட்டி உள்ளிடு விசையை அழுத்தினால் மோடம் 'ஓகே' என்று விடை தரவேண்டும். யுனிக்சோடு இணங்கி இயங்க அதற்குப் பின்வரும் அமைப்புகள் தேவை.

* ஏடி&எஃப் – ஆலை அமைப்புக்குத் திரும்புதல்
* ஏடி&சி1 – உண்மையான ஊர்தி அலை உள்ளபோது மட்டும் டிசிடியை 'ஆம்' ஆக்குதல்
* ஏடி&டி2 – டிடிஆர் விழுந்ததும் அழைப்பைத் துண்டித்தல்
* ஏடிஎஸ்0=1 – முதல் மணியில் அழைப்பை ஏற்றல்
* ஏடிஇ0 – கட்டளைகளை எதிரொலிக்காதிருத்தல்
* ஏடிகியூ1 – விடைச்செய்திகளை அனுப்பாதிருத்தல்
* ஏடி&டபிள்யூ – அமைப்பைச் சேமித்தல்

வன்பொருள் பாய்வுக் கட்டுப்பாட்டுக்கான கட்டளை எல்லா மோடங்களுக்கும் ஒன்றன்று. ராக்வெல் சில்லு கொண்டவற்றில் ஏடி&கே3, யு.எஸ். ரோபாடிக்ஸ் மோடங்களில் ஏடி&எச்1. பழைய மின்னியந்திரத் தொலைபேசி நிலையங்களில் தொனிச் சுழற்சி ஏற்கப்படாது. அங்கு ஏடிடிடி என்பதற்குப் பதிலாகத் துடிப்புச் சுழற்சிக்கான ஏடிடிபி பயன்படும். நிலையத்தின் சுழற்சித் தொனியை மோடம் அறிந்துகொள்ளாமல் அழைக்க மறுத்தால் ஏடிஎக்ஸ்3 உதவும்.

கெட்டியும் மோடமும் வாதிடல்

எதிரொலி நிறுத்தப்படாத மோடம் ஒரு வியப்பான பழுதை விளைவிக்கும். கெட்டி 'லாகின்' என்னும் வரியை அனுப்புகிறது. கட்டளை நிலையில் உள்ள மோடம் அதை எதிரொலிக்கிறது. கெட்டி அதை யாரோ தட்டிய பயனர் பெயராகக் கருதிக் கடவுச்சொல் கேட்கிறது. அதுவும் எதிரொலிக்கப்படுகிறது. பிழையென்று மறுத்து மீண்டும் 'லாகின்' அனுப்புகிறது. இவ்வாறு அழைப்பவர் எவரும் இல்லாமலே இரண்டும் இரவு முழுதும் வாதிட்டுக்கொண்டிருக்கும். கணினி காரணமின்றி மெதுவாவதும், தோல்வியுற்ற புகுபதிகைகளால் பதிவுக் கோப்பு நிரம்புவதும் இதன் அறிகுறிகள். ஏடிஇ0, ஏடிகியூ1, ஏடி&சி1 ஆகிய மூன்றையும் அமைத்துச் சேமித்தால் இது தீரும். மின்தடைக்குப் பின் மோடம் சேமிக்காத அமைப்பை மறந்துவிடும் என்பதால், நேற்றுவரை சரியாக இருந்த இணைப்பிலும் இது திடீரெனத் தோன்றலாம்.

துண்டிப்பும் பாதுகாப்பும்

ஊர்தி அலை அமைப்பில் நேரும் பிழை பாதுகாப்பையே குலைக்கக்கூடும். பயனர் ஒருவர் முறையாக வெளியேறாமல் தொலைபேசியைத் துண்டித்தால், டிசிடி விழுவதைக் கண்டு யுனிக்ஸ் அவரது நிரல்களுக்குத் துண்டிப்புச் சமிக்ஞை அனுப்பி முடித்துவைக்கும். டிசிடி எப்போதும் 'ஆம்' என்று நிலைநிறுத்தப்பட்டிருந்தால் கணினிக்குத் துண்டிப்பு தெரியாது. அடுத்து அழைப்பவர் கடவுச்சொல் ஏதுமின்றி முந்தையவரின் அமர்வுக்குள்ளேயே நுழைவார். முந்தையவர் முறைமை நிருவாகியாக இருந்தால் கணினி முழுவதும் அவர் கைக்குச் சென்றுவிடும்.

சன் பணிநிலையங்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 'டிடிஒய்ஏ-இக்னோர்-சிடி' என்னும் நிலைநினைவக மாறி இயல்பாக ஊர்தி அலையைப் பொருட்படுத்தாதவாறு அமைந்திருக்கும். மோடம் இணைத்த துறைக்கு அதைப் பொய் என மாற்றவேண்டும். சன்ஓஎஸ் 4இல் 'டிடிஒய்டேப்' கோப்பில் 'லோக்கல்' என்பதற்குப் பதிலாக 'மோடம்' என்று குறிக்கவேண்டும். அமைத்த பின் சோதனை எளிது: வெளியிலிருந்து அழைத்துப் புகுந்து, வெளியேறாமல் தொலைபேசி வடத்தைப் பிடுங்கி, அமர்வு மறைந்ததா என்று கணினியில் பார்க்கவேண்டும். பின் மீண்டும் அழைத்தால் புதிய புகுபதிகை வரி வரவேண்டும். அதேபோல், கணினியிலிருந்து வெளியேறியதும் மோடம் தானாக அழைப்பைத் துண்டிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். துண்டிக்காவிட்டால் டிடிஆர் கம்பியோ ஏடி&டி2 அமைப்போ இல்லை என்று பொருள். தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டுப்பாட்டு முனையமும் பிரேக் சமிக்ஞையும்

சன் பணிநிலையத்தை விசைப்பலகை இணைக்காமல் இயக்கினால் ஏ துறையே கட்டுப்பாட்டு முனையமாகும். வேகம் 9600, எட்டு பிட்டு, பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட்டு. திரை பழுதான கணினியில் நுழைய எஞ்சியிருக்கும் வழி பெரும்பாலும் இதுவே.

இதில் ஓர் இடர் உண்டு. தரவுக் கம்பி ஓர் எழுத்தின் நேரத்தைக் காட்டிலும் நீண்டு 0 நிலையில் நின்றால் அது பிரேக் எனப்படும். கட்டுப்பாட்டு முனையத்தில் பிரேக் வந்ததும் சன் கணினி இயங்குதளத்தை நிறுத்தி, 'ஓகே' என்று காட்டும் நிலைநிரலுக்குச் செல்லும். சில முனையங்கள் அணைக்கப்படும்போதும் வடம் பிடுங்கப்படும்போதும் பிரேக் போன்ற சமிக்ஞை எழும். இதனால் முனையத்தை அணைத்த ஒருவர் பலர் பயன்படுத்தும் வழங்கியையே நிறுத்திவிட நேர்ந்ததுண்டு. அந்நிலையில் பதறி மீளத் தொடக்கக்கூடாது. 'கோ' என்று தட்டினால் கணினி விட்ட இடத்திலிருந்து தொடரும். சோலாரிசு 8இலிருந்து பிரேக்குக்குப் பதிலாக வேறொரு எழுத்துத் தொடரை அமைத்துக்கொள்ளவும் வசதி வந்தது.

அறிகுறிகளும் காரணங்களும்

* ஒன்றும் வரவில்லை: வடவகை தவறு, துறை தவறு, 2உம் 3உம் மாறியுள்ளன
* நிரல் திறக்கும்போதே நிற்கிறது: உள்வரும் சாதனக் கோப்பு திறக்கப்பட்டுள்ளது
* அனைத்தும் குப்பை: வேகம் வேறுபடுகிறது
* பாதி குப்பை: பாரிட்டி வேறுபடுகிறது
* ஒவ்வோர் எழுத்தும் இருமுறை தோன்றுகிறது: இரு முனைகளும் எதிரொலிக்கின்றன
* பெரிய கோப்புகள் சிதைகின்றன: பாய்வுக் கட்டுப்பாடு இல்லை
* கோப்பு ஒரே இடத்தில் உறைகிறது: மென்பொருள் வழிப் பாய்வுக் கட்டுப்பாடு இருமத் தரவில் குறுக்கிடுகிறது
* துறை வேலையில் உள்ளது என்னும் செய்தி: எஞ்சிய பூட்டுக் கோப்பு, அடைவின் எழுத்துரிமை
* அழைப்பு துண்டித்தும் அமர்வு தொடர்கிறது: டிசிடி நிலைநிறுத்தப்பட்டுள்ளது

இன்றைய நிலை

அகலப்பட்டை இணைப்புகள் பரவியபின் தொலைபேசி மோடங்களின் பயன்பாடு அருகியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தோடு இணைந்தது. எனினும் பழைய பணிநிலையங்களோடு பிணைந்த ஆய்வுக்கருவிகளும், அருங்காட்சியகங்களும், சேகரிப்பாளர்களும் உள்ளவரை இவ்வறிவு தேவைப்படுகிறது. வலையமைப்பு இணைப்பு செயலிழந்த பழைய வட்டிலிருந்து தரவை மீட்கத் தொடர் துறையே எளிய வழியாக அமைவதுண்டு. வலையமைப்புத் திசைவிகளும் வழங்கிகளும் இன்றும் தொடர்வழிக் கட்டுப்பாட்டு முனையத்தைத் தாங்கியே வருகின்றன.

இக்காலக் கணினிகளில் தொடர் துறை அரிதாதலால் யுஎஸ்பி மாற்றிகள் பயன்படுகின்றன. ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகளின் தொடர் ஊசிகள் 3.3 வோல்ட் அளவுக்கே ஏற்றவை. அவற்றைப் பழைய பணிநிலையத்தின் துறையோடு நேரடியாக இணைத்தால் பலகை எரிந்துபோகும். இடையில் மேக்ஸ்3232 வகை மின்னழுத்த மாற்றிச் சில்லு தேவை. பழைய மோடத்தை இணையவழித் தொலைபேசி இணைப்பில் பொருத்துவோர், அவ்வழியில் ஒலி சுருக்கப்படுவதாலும் சீரற்ற தாமதத்தாலும் அழைப்பு நிலைக்காமல் போகலாம் என்பதை அறிந்திருக்கவேண்டும். வேகத்தைக் குறைத்து இணைப்பது சில வேளைகளில் பயன் தரும்.

இவற்றையும் பார்க்கவும்

* யுனிக்ஸ்
* மோடம்
* பண்பேற்றம்
* ஆர்எஸ்-232
* யூயூசிபி
* கணினி முனையம்